கூந்தலும் தன்மானமும்
(கழகத்தின் மகளிர் விடுதி மாணவியர் முன்னிலையில் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் முன்வரிசை மாணவியர் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு நகைத்ததை நான் கவனித்தேன். தலையில் முடி அருகிவிட்ட ஒரு தலைமையாசிரியர் கூந்தலைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்பது அவர்கள் நகைப்பின் பொருளாயிருக்கலாம். அதில் எனக்கு வருத்தமில்லை. இல்லாதவனுக்குத்தான் ஒரு பொருளின் அருமை தெரியும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழும் கறுப்பினப் பெண்கள், காரமருந்து இட்டு நேராக்கிய தம் கூந்தலை விடுத்து, இயற்கையாய் அமைந்த சுருள்முடிக்குத் திரும்பிவருகின்றனர். அந்த வரலாற்றைத்தான் இன்று எடுத்துரைக்க விழைகிறேன். அந்நாட்டு மக்களின் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்களாயின், மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட தம் ‘குலாம்கிரி’ நூலை யாருக்குக் காணிக்கையாக்கினார் என்பதை நினைவுகூருங்கள். அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே அதனை அவர் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரில் பயின்றவர். 1946இல் கறுப்பின அறிஞர் டூபாய்சுக்குக் கடிதம் எழுதித் தம் மக்கள் நிலையும் அவர்தம் மக்கள் நிலையும் ஒத்திருப்பதை எடுத்துக்காட்டியவர். அவர்கள் வீட்டுச் செய்தி நம் வீட்டுச் செய்தியாகி நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

முதலில் முடியின் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்வோம். நான் வரலாறு படித்தவன். இப்பகுதியை எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் பாடம் கேட்டே வந்திருக்கிறேன். முடி என்பது கெரட்டின் எனும் புரதத்தால் ஆனது. அப்புரதச் சங்கிலிகளைப் பக்கவாட்டில் பிணைத்து நிற்பவை கந்தக அணுக்கள். ஓர் ஏணியின் இரு கால்களைக் குறுக்குச் சட்டங்கள் இணைப்பது போல, இரண்டிரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கின்றன. முடி முளைக்கும் வேர்க்குழி வளைந்திருந்தால் முடியும் வளைந்து சுருண்டு வெளிவரும். அந்த வளைவை நிலைபெறச் செய்வதில் கந்தகப் பிணைப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது நாம் காஸ்டிக் சோடா என்று கூறும் கடுங்காரம், இப்பிணைப்பினுள் புகுந்து இரு கந்தக அணுக்களில் ஒன்றை வெளியேற்றிவிடுகிறது. ஏணியின் சட்டங்கள் பழைய இடத்தில் இல்லை. அந்நிலையில் முடியைச் சீப்பால் இழுத்துப் படிய வைத்தால் அது நேராகவே நின்றுவிடும். மீண்டும் சுருளாது. ‘ரிலாக்சர்’ என்று கடைகளில் விற்கும் களிம்பு இவ்வேலையைத்தான் செய்கிறது. காஸ்டிக் சோடா இல்லாதது என்று விளம்பரம் செய்யப்படும் வகையில் நம் வெற்றிலைச் சுண்ணாம்பின் உறவான கால்சியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது, அதுவும் காரமே.

காரம் முடிக்கும் தோலுக்கும் வேற்றுமை பாராட்டாது. ஆகவே தலைத்தோலில் முன்னதாக வாசலின் பூசுவார்கள். மருந்திடுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே தலையைச் சொறியலாகாது என்பது அங்கே சிறுமியரும் அறிந்த விதி. நகம் பட்ட இடத்தில் காரம் இறங்கி எரியும். 10 அல்லது 20 நிமிடங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருந்து கழுவ வேண்டும். வேரிலிருந்து புதிதாய் வளரும் முடியோ சுருண்டே வளரும். எனவே 6 அல்லது 8 வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் மருந்து, மீண்டும் செலவு, மீண்டும் எரிச்சல். ஆறேழு வயதில் இதனைத் தொடங்கி, அறுபது வயது வரை தம் முடியின் இயற்கை வடிவத்தைக் கண்ணாலும் காணாத பெண்கள் பலர் அங்கே உண்டு.

இத்துன்பத்தை அவர்கள் விரும்பி ஏற்றனர் என்று எவரேனும் கூறினால் வரலாறு தெரியாமல் கூறுகின்றனர் என்பேன். 1786இல் ஸ்பானியர் ஆட்சியிலிருந்த லூசியானாவில் ஆளுநர் மீரோ ஓர் ஆணை பிறப்பித்தார். கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் தம் கூந்தலைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்பது அவ்வாணை. அவர்கள் முடியை அழகுற அலங்கரித்து நடந்தது வெள்ளையர் கண்களை உறுத்தியதே காரணம். அப்பெண்களோ வண்ணப் பட்டுத் துணிகளை எடுத்து, அக்கட்டையே ஓர் அலங்காரமாக்கிக்கொண்டு வீதியில் நடந்தார்கள்! அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னரும், சுருள்முடி தாழ்ந்தது, நேர்முடி உயர்ந்தது என்ற எண்ணம் ஒழியவில்லை. நேர்முடியை ‘நல்ல முடி’ என்று தாய்மார்களே தம் குழந்தைகளிடம் கூறும் நிலை ஏற்பட்டது. 1940களில் கிளார்க் தம்பதியர் எனும் உளவியல் அறிஞர்கள் கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்து எது நல்ல பொம்மை என்று வினவினர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைச் சுட்டிக்காட்டினர். 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இவ்வகை ஆய்வுகளும் அதில் குறிக்கப்பெற்றன.

தென்னாப்பிரிக்காவின் கொடுமை இன்னும் வெளிப்படையானது. 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின்படி ஒவ்வொருவரையும் இனவாரியாக முத்திரையிட்டனர். ஐயம் எழுந்தால் முடியில் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். பென்சில் கீழே விழுந்தால் வெள்ளையர். சிக்கி நின்றால் வெள்ளையர் அல்லர். பிள்ளைகள் எழுதப் பயன்படும் பென்சில், மாணவச் செல்வங்களே! 1966இல், வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்த 10 வயதுச் சிறுமி ஒருத்தியை, நிறமும் முடியும் வேறாயிருக்கின்றன என்று கூறிப் பள்ளியை விட்டு வெளியேற்றினர். அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டவர்கள் காவலர்கள். நாற்பது பேர் படிக்கும் வகுப்பறையிலிருந்து ஒரு குழந்தை அவ்வாறு எழுந்து செல்லும் காட்சியை முப்பதாண்டுக் காலம் ஆசிரியப் பணி செய்த என்னால் எளிதில் நினைத்துப் பார்க்க இயலவில்லை. அச்சட்டம் 1991இல்தான் நீக்கப்பெற்றது.

இனி, காரமருந்து வந்த கதைக்கு வருகிறேன். அதனை உண்டாக்கியவர் வெள்ளையர் அல்லர். காரெட் மார்கன் எனும் கறுப்பினத்தவரே. கிளீவ்லாந்து நகரில் தையல் இயந்திரம் பழுதுபார்த்துவந்த அவர், ஊசி உராய்ந்து கம்பளித் துணி கருகாதிருக்க ஒரு திரவம் தேடினார். அத்திரவம் பட்ட துணியின் மயிரிழைகள் நேராகியிருக்கக் கண்டார். அண்டை வீட்டு நாயின்மீது சோதித்துப் பார்த்துப் பின்னர்த் தம் தலையிலும் இட்டுக்கொண்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1913இல் அதனை விற்கத் தனி நிறுவனம் கண்டார். இவரே 1916இல் ஏரி நீரடிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தபோது தாம் கண்டுபிடித்த புகைத்தடுப்பு முகமூடியை அணிந்து உள்ளே இறங்கி ஆட்களை மீட்டவர். 1923இல் போக்குவரத்துச் சைகைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றவர். இத்தகைய மாமனிதரை முடிமருந்து விற்றவர் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை.

மேடம் வாக்கர் அம்மையாரைப் பற்றியும் அவ்வாறே கூறுவேன். 1867இல், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்தவர். ஏழு வயதிற்குள் பெற்றோரை இழந்தவர். இருபது வயதில் கணவரையும் இழந்து, துணி வெளுத்துப் பிழைத்தவர். தலைத்தைலம் செய்து விற்றுத் தொழிலதிபரானார். அவர் காட்டிய முறையில் காரமில்லை. தைலமும் நெருப்பில் சூடேற்றிய இரும்புச் சீப்பும்தான். அவரிடம் தொழில் கற்ற ஆயிரக்கணக்கான பெண்கள் வெள்ளையர் வீட்டு அடுப்படியிலிருந்து மீண்டனர். 1917இல் கறுப்பின மக்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொல்லும் கொடுமைக்கு எதிராக வெள்ளை மாளிகைக்கு முறையிடச் சென்ற குழுவில் அவரும் ஒருவர். சுருள்முடி இயக்கத்தைப் பாராட்டுவோர் சிலர் இவர்களை இகழ்கின்றனர். அடிமைச் சங்கிலி அறுந்த மறுதலைமுறையில், வேலை தருபவன் தலையைப் பார்த்தே கதவைத் திறந்த காலத்தில், வயிற்றுப்பாட்டிற்கு வழி செய்தவர்களை இகழ நமக்கு உரிமையில்லை என்பது என் கருத்து.

ஆடவரும் இதற்கு விலக்கல்லர். காரம், உருளைக்கிழங்கு, முட்டை ஆகியவற்றைக் கலந்து வீட்டிலேயே கொதிக்கும் களிம்பு செய்து தலையில் அப்பிக்கொண்ட இளைஞர் கூட்டம் ஒன்று 1940களில் இருந்தது. மால்கம் எக்ஸ் அவர்களுள் ஒருவர். 1965இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், அன்று தலை எரிய எரிய முடியை நேராக்கிக்கொண்டதைத் தன்னிழிவை நோக்கி வைத்த முதற்பெரும் அடியாக அவர் குறிப்பிடுகிறார். அறுபதுகளில் ‘கறுப்பே அழகு’ என்ற முழக்கம் எழுந்தது. ஆஞ்செலா டேவிஸ் போன்றோர் குடை விரித்தாற்போன்ற இயற்கை முடியுடன் மேடையேறினர். ஆயினும் எண்பதுகளில் காரக்களிம்பே மீண்டும் கோலோச்சியது. மேடைகள் கலைந்த பின்னரும் அலுவலகக் கதவுகள் அப்படியே இருந்தன அல்லவா? 1981இல் பின்னல்முடிக்காக ஒரு விமான நிறுவன ஊழியப் பெண்மணி தொடுத்த வழக்கில், பின்னல் என்பது மாற்றிக்கொள்ளக் கூடியது, பிறவியில் வந்ததன்று என்று கூறி நீதிமன்றம் கைவிரித்தது. 2016இல் சடைமுடிக்காக வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்காக அரசு அமைப்பே வாதாடியும், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறத்தாழ அதே விடையைத் தந்தது.

ஏறத்தாழ 2000ஆம் ஆண்டிற்குப் பின்னர்தான் பெண்கள் பெருந்திரளாகக் காரத்தை விடத் தொடங்கினர். எந்தக் கட்சியும் ஆணையிடவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் விட்டனர். விடுவது எளிதன்று. அதன் செய்முறையைச் சற்று விரித்துரைக்கிறேன், பொறுத்தருள்க.

காரம் தின்ற முடிக்கு மருந்தில்லை. தலைக்கு மேலே தெரியும் முடி உயிரற்றது. அது தானே குணமாகாது. அதனை வெட்டியெறிந்தே ஆகவேண்டும். வினா என்னவென்றால், இன்றே வெட்டுவதா, வளர வளர வெட்டுவதா என்பதுதான். முதல் வழியில், புதுமுடி இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்ததும் நேர்முடி முழுவதையும் ஒரே நாளில் கத்தரித்துவிடுவர். ‘பெருவெட்டு’ என்று அதனை அவர்கள் கூறுகின்றனர். கத்தரிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். மறுநாள் காலை அந்தத் தலையோடு அலுவலகப் படியேறுவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். பெற்ற தாயே, ஏன் இப்படிச் செய்தாய் என்று அழுத வீடுகள் உண்டு.

இரண்டாம் வழி, பொறுமையின் வழி. மருந்திடுவதை நிறுத்திவிட்டு ஓராண்டோ ஈராண்டோ காத்திருந்து, நுனியைச் சிறிது சிறிதாகக் கத்தரிப்பது. அவர்கள் முடி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆதலால் தோளைத் தொடும் நீளம் வேண்டுமாயின் இரண்டாண்டுக்கு மேல் ஆகும். இக்காலத்தில் ஒரே இழையில் வேர்ப்பக்கம் சுருளும், நுனிப்பக்கம் நேருமாக இரு குணங்கள் இருக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லைதான் வலுக்குறைந்த இடம். முரட்டுச் சீப்புப் பட்டால் அவ்விடத்தில் முறிந்துவிடும். ஆகவே முடியை நான்கைந்து பகுதிகளாகப் பிரித்து, ஈரத்தோடும் வழுவழுப்பான குழைமத்தோடும் முதலில் விரலாலும் பின்னர் அகன்ற பல் சீப்பாலும், நுனியில் தொடங்கி வேரை நோக்கிச் சிக்கெடுக்கின்றனர். வேரில் தொடங்கி இழுத்தால் சிக்கு இறுகும் என்பது நம் பாட்டிமாருக்கும் தெரிந்ததே. சூட்டுக்கருவி ஆகாது. பருத்தித் தலையணை உரசி ஈரத்தையும் வாங்கிவிடும் என்பதால் வழவழப்பான துணியைத் தலையில் கட்டிக்கொண்டு உறங்குகின்றனர். பின்னலும் முறுக்கும் முடியைக் காக்கும். ஆனால் நெற்றியோரம் இறுக்கி இழுத்துப் பின்னினால் அங்கே முடி நிலையாக உதிர்ந்துபோகும்.

மற்றொன்று. சுருள்முடி வளர்ந்தாலும் வளர்ந்ததாகத் தோன்றாது. காய்ந்ததும் பாதிக்கும் கீழாகச் சுருங்கிக்கொள்ளும். ஆறு மாதம் காத்திருந்தும் வளரவில்லையே என்று மனம் சோர்ந்து மீண்டும் களிம்பை நாடியோர் பலர். ஓர் இழையை மெல்ல இழுத்து அளந்து பார்க்கக் கற்ற பின்னரே அவர்களுக்கு அமைதி வந்தது.

மருத்துவச் செய்தியும் இவ்விடத்தில் சொல்லத்தக்கது. 2022இல் அமெரிக்க அரசின் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களின் உடன்பிறந்த சகோதரியரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு அது. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்ததில் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் தோன்றியது. முடியை நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதோரில் 70 வயதிற்குள் இந்நோய் காண்போர் நூற்றுக்கு 1.64 பேர், அடிக்கடி பயன்படுத்தியோரில் நூற்றுக்கு 4.05 பேர் என்று மதிப்பிட்டனர். களிம்புதான் நோயை உண்டாக்கிற்று என்று இவ்வாய்வு அறுதியிட்டுக் கூறவில்லை. தொடர்பு காணப்படுகிறது என்றே கூறுகிறது. இவ்வேறுபாட்டை மாணவியர் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். எனினும் இச்செய்தி கேட்டுக் களிம்பைத் தூக்கியெறிந்தோர் பலர். வழக்குத் தொடுத்தோரும் பலர்.

சட்டமும் மெல்ல நகர்ந்தது. 2019இல் கலிபோர்னியா மாநிலம், இனத்தோடு இணைந்த முடியமைப்புக்காக வேலையிலோ பள்ளியிலோ ஒருவரை ஒதுக்கலாகாது என்று முதன்முதல் சட்டமியற்றியது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. நாடு முழுமைக்குமான சட்ட முன்வடிவு 2022 மார்ச்சில் கீழவையில் நிறைவேறியும் மேலவையைக் கடக்கவில்லை. ஆனால் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது சட்டமன்றத்தில் நடந்ததன்று. ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. 2016 ஆகஸ்டில், முன்னர் வெள்ளையருக்கே உரியதாயிருந்த பிரிட்டோரியா மகளிர் உயர்நிலைப் பள்ளியில், தம் இயற்கை முடியைப் பள்ளி விதிகள் இழிவுபடுத்துகின்றன என்று கறுப்பின மாணவியர் கிளர்ந்தெழுந்தனர். உங்கள் வயதுடைய பெண்கள். கைகளைத் தலைக்கு மேலே குறுக்காக உயர்த்தி நின்றனர். மாகாணக் கல்வித்துறை தலையிட்டு அம்முடிவிதியை நிறுத்தி வைத்தது.

அங்கிருந்து நம் பள்ளிகளுக்கு நெடுந்தொலைவு இல்லை. காலை வழிபாட்டில், ‘படிய வாரிக்கொண்டு வா’ என்று ஆசிரியர் கூறுகிறோம். எண்ணெய் பூசினாலும் படியாத சுருட்டைமுடிக் குழந்தை அச்சொல்லை எவ்வாறு ஏற்பாள்? தலை தூய்மையாயிருக்கிறதா, பேன் இல்லாதிருக்கிறதா என்று பார்ப்பது ஆசிரியர் கடமை. ஆய்வுக்கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் முடியைக் கட்டிக்கொள்ளச் சொல்வதும் கடமை, அது பாதுகாப்பு. இவற்றிற்கு மேல், முடி சுருண்டிருப்பதையே ஒழுக்கக்கேடாகக் கருதிக் கடிந்துகொள்வதற்கு எந்த அரசாணையும் நமக்கு அதிகாரம் தரவில்லை. ‘சுருட்டை’, ‘பரட்டை’ என்று பட்டப்பெயரிட்டு அழைப்பதை எங்கள் பள்ளியில் தடுத்திருக்கிறேன். இவ்வரங்கில் ஆசிரியப் பெருமக்கள் பலர் அமர்ந்திருப்பதால் இதனைச் சற்று அழுத்தியே கூறுகிறேன்.

மற்றொரு தொடர்பும் உண்டு. திருமலையிலும் பிற கோயில்களிலும் நாம் காணிக்கையாகச் செலுத்தும் முடி ஏலத்தில் விற்கப்பட்டுப் பிற நாடுகளுக்குச் செல்கிறது. பொய்ம்முடியாகவும் இணைப்புமுடியாகவும் அங்கே கறுப்பினப் பெண்கள் பலர் தலையிலும் ஏறுகிறது. இங்கே வேண்டுதலுக்காகத் துறந்தது அங்கே பெருவிலை பெறும் ‘நல்ல முடி’!

இறுதியாக ஒன்று. சுருட்டைமுடியை நேராக்க இப்போது நம் சிற்றூர்களின் அழகு நிலையங்களிலும் ஏற்பாடு உண்டு. ‘கெரட்டின் சிகிச்சை’ என்று அழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள். அவ்வகைப் பொருள்களுட் சிலவற்றில் பார்மால்டிஹைடு இருக்கிறது. சூடேற்றும்போது அது ஆவியாகி மூக்கிலும் கண்ணிலும் ஏறும். உயிரியல் ஆய்வுக்கூடத்தில் தவளையைக் கெடாமல் வைக்கும் பார்மலினில் உள்ளதும் அதுவே; மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளென்று உலக நலவாழ்வு அமைப்பின் ஆய்வுப் பிரிவு அதனை வகைப்படுத்தியிருக்கிறது. செல்வோர் செல்க, அது அவரவர் விருப்பம். ஆனால் புட்டியைக் கையில் வாங்கி, அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தலையைக் கொடுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள்தாமே நீங்கள்?

அடுத்த வாரம் எங்கள் அறிவியல் ஆசிரியர், கடுங்காரக் கரைசலில் முடி கரைவதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்ட இசைந்திருக்கிறார். விடுதி மாணவியர் அனைவரும் வரலாம். ஆளுக்குச் சில இழை கொண்டுவருக. சீப்பில் உதிர்ந்ததே போதும்.